செசிலி டீச்சரின் நோய்க்குப் பெயர் இருந்தது

செய்தி வந்தபோது நான் எங்கள் தெருவில் தள்ளுவண்டிக்காரம்மாவிடம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், யாரோ போட்டிருந்த காலை வணக்க ரோஜாப்பூவுக்குக் கீழே, "நம் செசிலி டீச்சர் உடல்நலக் குறைவால் இறைவனடி சேர்ந்தார்" என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நான் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "இன்னாம்மா, காயப் புடிச்சிக்கினு நிக்கற, எடுக்கறியா இல்லியா?" என்று அந்தம்மா அதட்டினாள். எடுக்கவில்லை.

மறுநாள் விழுப்புரம் பேருந்து நிலையத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதிலும் அதே சொல். உடல்நலக் குறைவு. நம் ஊரில் ஒருவருக்கு மூட்டு வலி வந்தால் எந்த மூட்டு, எந்த டாக்டர், என்ன தைலம் என்று தெருவே பேசும். மாரடைப்பு என்றால் எத்தனை அடைப்பு என்று பெருமையாகவே சொல்லுவார்கள். செசிலி டீச்சருக்கு மட்டும் நோய்க்குப் பெயரில்லை. வெறும் குறைவு.

பழைய மாணவியர் மலருக்காக என்னை எழுதச் சொன்னார்கள். "நல்லபடியா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க டீச்சர்" என்று கேட்டார்கள். இதைப் படிக்கப்போகும் நீங்கள் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள். பாதிப் பேர் அவரிடம் உயிரியல் படித்தவர்கள். அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நல்லபடியாக எழுதும் மனநிலையில் நான் இல்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது. அந்தக் கோபம் ஆறும்வரை காத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

திண்டிவனத்தில் நம் பள்ளிக்கூடத்தில் அந்த இனப்பெருக்கப் பாடம் உங்களுக்கு மறந்திருக்காது. செசிலி டீச்சர் வருவதற்கு முன்பு, ஆண்டுதோறும் ஜூன் மாதம் புத்தகம் வந்ததும் அந்தப் பக்கங்களை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். செசிலி டீச்சர் வந்த முதல் ஆண்டே வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக வாங்கி நகத்தால் பின்னைப் பிரித்தார். விரலில் ரத்தம் வந்தது. பிறகு கரும்பலகையில் படம் வரைந்து, கருப்பை, சினைப்பை, மார்பு என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்ல வைத்தார். நீங்கள் வாயைப் பொத்திச் சிரித்தீர்கள். "உடம்புல இருக்கறதுக்கு வாயில இடமில்லையா?" என்று கேட்டார். பக்கத்து வகுப்பில் நான் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். என் வகுப்பும் சிரித்தது.

அவரும் நானும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் ஒரே பேருந்தில் போனோம். ஜன்னல் ஓரம் அவருக்கு. அதில் விட்டுக்கொடுத்ததே கிடையாது. வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னைச் செல்வி என்பார். ஒருநாள் காலை பேருந்து கிளம்பியதும், டிக்கெட் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"குளிச்சிக்கினு இருந்தேன் செல்வி. இடது மார்புல கட்டி ஒண்ணு கையில தட்டுப்பட்டுது. மல்லாட்டைக் கொட்டை அளவு. வலியே இல்ல."

"வலி இல்லன்னா ஒண்ணும் இருக்காது டீச்சர்."

"நீ தமிழ் டீச்சர்னு காட்டிட்ட பாரு. வலிக்காத கட்டிதான் வம்பு."

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்து, கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று கணவர் சகாயம் அண்ணனும் அவருடைய அக்கா அமலாவும் கூடப் போயிருந்தார்கள். அடுத்த நாள் பேருந்தில், கரும்பலகை இல்லாத குறையாக, விரலால் முன்சீட்டின் முதுகில் படம் போட்டுக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினார்.

"மார்புல வர்ற கேன்சர் எல்லாம் ஒண்ணு இல்ல. முக்கால்வாசிக் கட்டிக்கு ஒரு பிடி இருக்கும். ரெண்டு ஹார்மோன்ல ஏதாவது ஒண்ணு. இல்லன்னா ஒரு புரதம். எந்தப் பிடின்னு பாத்து அதைப் புடிச்சி மாத்திரையோ ஊசியோ குடுப்பாங்க. எனக்கு மூணும் இல்ல. பிடிக்க எடமே இல்லாத கட்டி. ஜல்தியா வளரும். கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன்னு கரண்டு வைக்கறது, அவ்ளோதான் வழி. பேரு டிரிப்பிள் நெகட்டிவ். சொல்லு பாப்போம்."

நான் முணுமுணுத்தேன்.

"ஏன் குரல் எறங்குது? திருட்டுச் சாமானா விக்கற? முழுசா சொல்லு. மார்பகப் புற்றுநோய், டிரிப்பிள் நெகட்டிவ்."

முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றபோது செசிலி டீச்சரின் கை என் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது. "பயமா இருக்கு செல்வி. பசங்களுக்கு நூறு தடவை நடத்தியிருக்கேன், இப்ப செல்லு பிரியறத நெனச்சாலே குலை நடுங்குது" என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கூட்டேரிப்பட்டு வரும்வரை அழுதார். அதற்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிகிச்சை உள்ள வாரங்களில் அவருடைய வகுப்புகளை யார் எடுப்பது என்று பேச ஆரம்பித்தார்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த வகை சிலசமயம் குடும்பத்தில் வருவது, மகளுக்கும் பிற்பாடு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது என்று. அந்த ஒரு வாக்கியம்தான் வீட்டில் தீ வைத்தது. மகள் பிரின்சிக்கு அப்போது வானூர்ப் பக்கத்தில் ஒரு நல்ல இடம் பேசி முடித்திருந்தார்கள். பையன் பெங்களூரில் வேலை. கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. அமலா அக்கா காரில் வரும்போதே தம்பியிடம் சொல்லிவிட்டாராம், "இது வெளிய தெரிஞ்சா பொண்ண எவனும் கட்ட மாட்டான்டா. ஆத்தாவுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு டாக்டரே சொல்லிட்டா." எனக்குப் பேருந்தில் பாடம் நடத்திய அன்றிரவு, சகாயம் அண்ணன் மனைவியின் கையை எடுத்துத் தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலைமேல் வைத்து, கல்யாணம் முடியும்வரை யாரிடமும் வாயைத் திறப்பதில்லை, அந்தப் பரிசோதனைப் பேச்சைப் பிரின்சியிடமே எடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார். அம்மாவுக்குக் கேன்சர் என்பது மட்டும் பிரின்சிக்குத் தெரியும். என்ன வகை, அதில் அவளுக்கு என்ன சம்பந்தம் என்பது தெரியாது.

ஆனால் கீமோவில் முடி கொட்டுமே. அதற்கும் அமலா அக்கா வழி கண்டுபிடித்தார். அவருடைய புத்தியை நான் குறை சொல்ல மாட்டேன். "கொட்டறதுக்கு முன்னாடி நாமளே எடுத்துட்டா? வேளாங்கண்ணிக்குப் போயி மொட்டை போட்டுக்கினு வந்துடலாம். பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம். எவ கேக்கப் போறா?" முதல் கீமோ முடிந்து, தலையணையில் முடி உதிர ஆரம்பித்த வாரத்தில் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கடற்கரையில் குடும்பத்தோடு படம் எடுத்து எல்லா உறவினருக்கும் அனுப்பினார்கள்.

நான் இந்து. விரதம், வேண்டுதல், மொட்டை எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதனால் அந்தத் திட்டம் எவ்வளவு கச்சிதமானது என்று எனக்குப் புரிந்தது. செசிலி டீச்சருக்கோ அது நெஞ்சில் முள். அவர் வெள்ளி தவறாமல் மாதாவின் நவநாள் ஜெபத்துக்குப் போகிறவர். "எனக்கு நோயி வந்ததுக்குக்கூட மாதாகிட்ட நான் சண்டை போடல செல்வி. ஆனா அவங்க பேர்ல பொய் சொல்லிட்டு அவங்க முகத்தையே எப்பிடி பாக்கறது?" என்றார். அந்த மாதம் பூராவும் அவர் நவநாளுக்குப் போகவில்லை. கீமோ அசதி என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கு வந்தபோது தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார். ஓய்வறையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பெத்த மகளுக்காக இப்படி ஒரு காணிக்கையா என்று தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. மாதாந்திர விடுப்புகளுக்குக் கர்ப்பப்பைக் கோளாறு என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. பள்ளியில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையோடு விழுப்புரத்துக்கே வந்து, அந்த மொட்டைத் தலையைத் தொட்டுத் தன் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாராம். "வாந்தி வந்துது செல்வி. கீமோ வாந்தின்னுதான் ஓடினேன். பாத்ரூம்ல போயி நின்னா ஒண்ணும் வரல. அது வேற வாந்தி" என்றார்.

எப்படிச் சமாளித்தார் என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறீர்கள். அப்போது கேட்டிருக்கலாம். கைப்பையில் எலுமிச்சம்பழம், பாலிதீன் கவர், மாற்றுத் துணி. வாயில் எப்போதும் இரும்பு ருசி. "ஆணிய மென்னுக்கினு இருக்கற மாதிரி இருக்குது" என்பார். டீயை விட்டார், கேப்பைக் கூழை ஆற வைத்துக் குடித்தார். கை நரம்பு கறுத்துக் கயிறாகிவிட்டது. அதை மறைக்க வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை. முடி வளரவில்லையே என்று மாணவியர் கேட்டபோது, "வேண்டுதல் பெருசும்மா, முடிய மாட்டேங்குது" என்று சிரித்தார். தன் பொய்யைத் தானே கிண்டல் செய்துகொண்டால்தான் அவரால் அதைச் சுமக்க முடிந்தது. பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் தலைத்துணியைத் தளர்த்திவிட்டுக்கொள்வார். அந்த ஒரு மணிநேரம் என்னிடம் மட்டும் நோயாளியாக இருந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா வந்தாள்.

அவள் அதே தெருவில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அன்று விடுமுறை. நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கோவிலில் இரண்டாவது ஓலை வாசித்து முடிந்திருந்தது, மூன்றாவது அடுத்த ஞாயிறு. அமலா அக்கா கூடத்தில் உட்கார்ந்து அழைப்பிதழ்களுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா நேராக வந்து செசிலி டீச்சரின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க வேண்டுதல மாதா கேட்டாங்க. பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சிட்டுது. எனக்கும் மார்ல ஒரு கட்டி இருக்குதுக்கா. தீபாவளிக்கு முன்னயிருந்து இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துருவாங்கன்னு பயமா இருக்குது. நானும் முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். அடுத்த மாசம் போறேன். ஒருவாட்டி உங்க தலையத் தொட்டுக் கும்பிட்டுக்கறேன்க்கா."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். செசிலி டீச்சர் அந்தக் கையைப் பாதியில் பிடித்தார். தலைத்துணியை அவிழ்த்துக் கீழே போட்டார். முழுக்கை ரவிக்கையின் கையைச் சுருட்டிக் கறுத்த நரம்பைக் காட்டினார்.

"இது வேண்டுதல் இல்ல ஸ்டெல்லா. எனக்கு மார்புல கேன்சர். மருந்துல முடி கொட்டும்னு முன்னாடியே எடுத்துட்டோம். மாதாவுக்கு நான் ஒண்ணுமே குடுக்கல."

"செசிலி!" என்று அமலா அக்கா எழுந்துவிட்டார். "வாய மூடு. இன்னும் ஒரு ஓலைதான் பாக்கி."

"இவ செத்துருவா அண்ணி."

"ஊரு பொம்பளை எவளோ செத்தா உனக்கின்னா? பெத்த பொண்ணு வாழ வாணாமா?"

செசிலி டீச்சர் ஸ்டெல்லாவைப் பார்த்து, "நாளைக்குக் காலைல ரெடியா இரு. புதுச்சேரி பஸ்ல நானே கூட்டிக்கினு போறேன். முடியெல்லாம் அப்புறம் குடுத்துக்கலாம்" என்றார். மறுநாள் போனார். அவரால் பத்தடி நடந்தால் பத்து மூச்சு வாங்க வேண்டிய நாட்கள் அவை. வெயிலில் அவளோடு வரிசையில் நின்றார். ஸ்டெல்லாவுக்கும் அதே நோய்தான். ஆனால் வேறு வகை, பிடி இருக்கிற வகை, மாத்திரைக்கு அடங்குகிற வகை. கட்டியும் பரவவில்லை. தனக்கு இல்லாமல் போன அந்தப் பிடி அவளுக்கு இருந்ததில் செசிலி டீச்சருக்குப் பொறாமை வந்ததா என்று நான் ஒருநாள் கேட்டேன். "வராம இருக்குமா? சீட்டைக் கையில வாங்கினதும் வந்துது. அப்புறம் அவ பயந்த மொகத்தப் பாத்தேன், போய்டுச்சி" என்றார்.

செசிலி டீச்சரின் நோயைப் பற்றி ஸ்டெல்லா யாரிடமும் சொல்லவில்லை. கூடப்பிறந்த அக்காவிடம் மட்டும், அதுவும் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னாள். அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தது வானூர்ப் பக்கம். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. பட்டுப்புடவையைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த மட்டும் கௌரவமானவர்கள்.

பிரின்சி அழவில்லையாம். அம்மாவின் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா? தீபாவளியிலிருந்து கட்டிய வெச்சிக்கினு இருந்தவங்க ஒரு வாரத்துல செத்திருப்பாங்களா?" அந்த மாதமே சென்னையில் ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அப்பாவுக்குப் போன் செய்வாள். அம்மா பேச வந்தால் சிக்னல் இல்லை என்பாள்.

"அவ கேட்டது சரியான கேள்வி செல்வி" என்றார் செசிலி டீச்சர். "ஒரு வாரம் கழிச்சிச் சொல்லியிருந்தா ஸ்டெல்லாவும் பொழச்சிருப்பா, பிரின்சிக்கும் கல்யாணம் ஆயிருக்கும். நான் அதெல்லாம் யோசிக்கல. கும்பிடறதுக்கு என் தலைய நோக்கி ஸ்டெல்லா கை நீட்டனா பாரு, அதை என்னால தாங்க முடியல. அவ்ளோதான் நடந்துது. தியாகம் கியாகம்னு எவளாவது எழுதினா நம்பாத."

எழுதவில்லை டீச்சர். நீங்கள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அறுவைசிகிச்சை முடிந்தது, கரண்டு வைத்தார்கள், முடி சுருட்டையாக முளைத்தது. பள்ளிக்குத் திரும்பி வந்து வழக்கம்போல் மிரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அவர் நினைக்கவில்லை. இந்த வகை திரும்பி வந்தால் முதல் சில வருடங்களில்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்தது, போகவில்லை. "சாக்பீஸ் தூள்னு ரெண்டு மாசம் என்னையே ஏமாத்திப் பாத்தேன். எனக்கு நானே நடத்தின ஒரே தப்புப் பாடம்" என்றார். நுரையீரலுக்குப் போயிருந்தது.

கடைசியாக நாங்கள் பேசியது அவர் வீட்டில், மதிய நேரத்தில். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"பிரின்சி ஒரு நாள் கேப்பா செல்வி. அன்னிக்கி நான் இருக்க மாட்டேன். வீட்ல சொல்ல மாட்டாங்க. நீ சொல்லணும்."

"இப்பவே போன் போட்டு நான் சொல்றேன் டீச்சர்."

"வாணாம். இப்பச் சொன்னா அம்மா கல்யாணத்தையும் கெடுத்து சாபமும் குடுத்துட்டுப் போறான்னு நெனைப்பா. அவளா கேக்கட்டும். ஒரு வருஷம் பாரு. கேக்கலன்னா நீயே போயி உக்காந்து சொல்லு. பேரு ஞாபகம் இருக்குதா?"

சொன்னேன். பக்கத்து அறையில் அமலா அக்கா இருந்தார். ஆனாலும் குரலைத் தணிக்காமல் சொன்னேன்.

"பரவால்ல. பாஸ் மார்க்கு" என்றார்.

பிரின்சி வந்தாள். கடைசி இரண்டு நாள் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. ஆனால் அப்போது செசிலி டீச்சரின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். வாழ்நாள் முழுக்கச் சத்தமாகப் பேசிய மனுஷிக்கு, மகள் வந்து கேட்க உட்கார்ந்தபோது குரல் இல்லை. கடவுளிடம் எனக்கு உள்ள கணக்கில் இதுவும் ஒன்று.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் போயிருந்தேன். சாமியார் நல்ல மனிதர், செசிலி டீச்சரை மதித்தவர். மகளின் வாழ்வுக்காக வேளாங்கண்ணித் தாய்க்கு முடி காணிக்கை கொடுத்த உத்தமத் தாய் என்று பேசினார். சகாயம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அமலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோவிலில் இருந்த பாதிப் பேருக்கு உண்மை தெரியும். ஒருவர்கூட இருமவில்லை. எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. அந்நியக் கோவிலில் அடக்கம் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே ஸ்டெல்லா நின்றிருந்தாள். முடி நன்றாக வளர்ந்து, பின்னல் போட்டுக் கனகாம்பரம் வைத்திருந்தாள். உடம்பு தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாதா என்னைக் கைவிடல டீச்சர். போன மாசம் போயி முடி குடுக்கறேன்னு வேண்டினதுக்குப் பதிலா மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்."

"மாதா கைவிடல, சரி. பஸ்ல கூட்டிக்கினு போனது யாரு?"

அவள் முகம் சுருங்கியது. சுற்றிலும் பார்த்தாள். "சத்தமா பேசாதீங்க டீச்சர். என் மாமியாருக்குத் தைராய்டுன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்."

நான் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் உயிரோடு இருப்பதில் செசிலி டீச்சருக்குச் சந்தோஷம் இருந்தது. எனக்கும் இருக்க வேண்டும் என்று முயற்சி செய்கிறேன். இன்னும் வரவில்லை.

இவ்வளவுதான் எழுதி வைத்திருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது, அதையும் சேர்க்கிறேன்.

காலைப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். இப்போது ஜன்னல் ஓரம் எனக்கு. சுங்கச்சாவடியில் பேருந்து நின்றது. முன்னும் பின்னும் லாரிகள், ஒரே ஹாரன். போன் அடித்தது. பிரின்சி.

"ஆன்ட்டி, ஆபீஸ்ல செக்கப் நடக்குது. அம்மாவுக்கு என்ன வகைன்னு டாக்டர் கேக்கறாங்க. கேன்சர்னு சொன்னேன், என்ன வகைன்னு தெரிஞ்சாதான் எனக்கு என்ன டெஸ்ட்டுன்னு சொல்ல முடியும்ங்கறாங்க. அப்பாகிட்ட கேட்டா அதெல்லாம் இப்ப எதுக்கும்மாங்கறாரு. அம்மா ஃபைலு, மருந்து எல்லாத்தையும் அத்தை அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே கொளுத்திட்டாங்களாம்."

"அம்மா உங்கிட்ட சொன்னதே இல்லையா பிரின்சி?"



"நான் கேக்கவே இல்லையே ஆன்ட்டி."

சொன்னேன். லாரிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன ஆன்ட்டி? இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள். நான் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்திச் சொன்னேன். மார்பகப் புற்றுநோய். டிரிப்பிள் நெகட்டிவ். உனக்கும் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்று உன் அம்மாவின் டாக்டர் சொன்னார், உன்னிடம் சொல்லச் சொல்லி உன் அம்மா என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு சொல்லாக, அவள் எழுதிக்கொள்ள நேரம் கொடுத்துச் சொன்னேன். முன்சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் வாயில் இருக்க ஊதாமல் நின்றார்.

செசிலி டீச்சரின் புடவை, பேனா, படம் எதுவும் என்னிடம் இல்லை. நான் கேட்கவும் இல்லை, அவர்கள் தரவும் இல்லை. என்னிடம் இருப்பது இந்தப் பெயர் ஒன்றுதான். அதை அன்றைக்கு உரியவளிடம் கொடுத்துவிட்டேன். உங்களில் யாருக்காவது வேண்டும் என்றாலும் கேளுங்கள். பேருந்தில் என்றாலும் சொல்லுவேன்.